கோயென்ஜி ஹிகாவா ஜின்ஜா: புயல் தெய்வத்தின் தெருக்கோயிலில் வழிபட முழுமையான வழிகாட்டி

டோக்கியோவிலும் அதன் வடக்கே உள்ள சைதாமாவிலும் ஹிகாவா என்ற பெயரில், ஜப்பானின் மரபு மதமான ஷின்டோவைச் சேர்ந்த ஏறத்தாழ 280 கோயில்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு தெருவுக்கோ ஒரு பேட்டைக்கோ உரிய சிறிய கோயில்கள்; குடிகொண்டிருப்பவர் புயலுக்கு உரிய தெய்வமான சுசானோ. இந்த வழிகாட்டிக்கு டோக்கியோவின் கோயென்ஜி ரயில் நிலையத்தின் தெற்கே சில நிமிட நடையில் இருக்கும் ஹிகாவா கோயிலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே சொல்லும் வரிசை, சிறு மாற்றங்களுடன், வேறு எந்த ஹிகாவா கோயிலுக்கும் பொருந்தும்.

டோக்கியோவுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலரை இங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒன்றும் தெரியாமல் தடுமாறியவர்களைவிட, நம் கோயில்களில் பழகிய கைகால்கள் தாமாக இயங்கியதால் தடுமாறியவர்களே அதிகம். வாசலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவார்கள், சன்னதியைச் சுற்றி வரக் கிளம்புவார்கள், உள்ளே எட்டிப் பார்த்துச் சிலையைத் தேடுவார்கள். ஆகவே ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டியதோடு, நம் பழக்கம் எங்கே குறுக்கிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் தீட்டு. வீட்டில் நெருங்கிய உறவினர் இறந்து 50 நாள் ஆகவில்லை என்றால் ஷின்டோ கோயிலுக்குள் போவதைத் தவிர்ப்பது இங்கு வழக்கம். நம் கணக்கில் 16 நாளில் கருமாதி முடிந்துவிட்டாலும் இவர்கள் கணக்கு நீளமானது. யாரும் வாசலில் நின்று விசாரிக்கப் போவதில்லை. ஆனால் இந்த ஒரு விதியை ஜப்பானியர்கள் இன்றும் பொருட்படுத்துகிறார்கள் என்பதால் நாமும் மதிப்பதே முறை.

அடுத்தது சில்லறை. 5 யென் நாணயம் ஒன்றிரண்டும் 100 யென் நாணயம் நாலைந்தும் பணப்பையில் தனியாக இருக்கட்டும். ஐந்து யென்னை ஜப்பானிய மொழியில் ‘கோஎன்’ என்பார்கள். ‘பந்தம்’ என்று பொருள்படும் சொல்லும் அதே ஒலியுடையது. நாம் மொய்யில் 101 எழுதுவதைப் போல இதுவும் எண்ணோடு ஒட்டிய ஒரு நம்பிக்கை. தேங்கிக் கிடக்கும் 1 யென் நாணயங்களைக் கொட்டிவிட்டு வர இதை வாய்ப்பாகக் கருத வேண்டாம். 2022 ஜனவரி முதல் யூச்சோ அஞ்சல் வங்கியும் அதிக எண்ணிக்கையில் நாணயம் செலுத்துவோரிடம் கட்டணம் வாங்குவதால், சின்னக் கோயில்களுக்கு அந்தக் குவியல் ஒரு சுமையாகிவிடுகிறது.

கைக்குட்டை அவசியம். கை கழுவும் இடத்தில் துடைக்க எதுவும் இருக்காது. தேங்காய், கற்பூரம், ஊதுவத்தி, பூமாலை எதையும் கொண்டு வர வேண்டாம். வைக்க இடமும் இல்லை, நெருப்பு ஏற்ற அனுமதியும் இல்லை. பழைய மரக் கட்டடங்கள் உள்ள இடத்தில் ஒரு கற்பூரத் துண்டு எவ்வளவு பெரிய கவலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உடைக்குத் தனி விதி கிடையாது. அலுவலகத்துக்குப் போகும் உடையே போதும். காலை ஒன்பதரை மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள் போனால் நல்லது. வளாகம் அதற்கு முன்னும் பின்னும் திறந்திருந்தாலும், தாயத்தைப் போன்ற காப்பும் வணங்கியதற்குச் சான்றான முத்திரையும் தரும் அலுவலகச் சாளரம் மாலையில் சீக்கிரமே மூடப்பட்டுவிடும்.

2. எந்த ரயில், எந்த வாசல்

நிஷிகசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வழி எளிது. தோசாய் பாதையில் மிதாகா வரை செல்லும் ரயிலில் ஏறினால் மாறாமலே கோயென்ஜியில் இறங்கலாம். நகானோவோடு நின்றுவிடும் ரயிலாக இருந்தால் அங்கே இறங்கி, மேற்கே செல்லும் அடுத்த உள்ளூர் ரயிலைப் பிடிக்கலாம்.

பலர் ஏமாறுவது ஷின்ஜுகுவிலிருந்து வரும்போதுதான். ஆரஞ்சு நிறப் பட்டையுள்ள சூவோ விரைவு ரயில் வார நாட்களில் கோயென்ஜியில் நிற்கும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் நிற்காது. கோயிலுக்குப் போவதோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் பட்டையுள்ள சோபு ரயிலில் ஏறுங்கள்.

நிலையத்தின் தெற்கு வாசலில் வெளியே வந்தபின் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. ‘கோயென்ஜி’ என்பது உண்மையில் ஒரு பௌத்த மடத்தின் பெயர். ஊருக்கே அதிலிருந்துதான் பெயர் வந்தது. அந்த மடமும் இதே தெற்குப் பகுதியில்தான் இருக்கிறது. வரைபடத்தில் வெறுமனே கோயென்ஜி என்று தேடியவர்கள் அங்கே போய் நின்று, அதன் முன்னால் கைதட்டியும் இருக்கிறார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டும் வழக்கம் கிடையாது. ஓசையின்றிக் கைகூப்புவதே முறை. ஜப்பானிய வரைபடங்களில் ஷின்டோ கோயிலுக்கு வளைவு வாசல் குறியும் பௌத்தக் கோயிலுக்கு ஸ்வஸ்திகக் குறியும் போடப்பட்டிருக்கும். பெயர், ஷின்டோ கோயிலைக் குறிக்கும் ‘ஜின்ஜா’ என்று முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. டோரீயைக் கடப்பது

இரண்டு தூண்களும் மேலே குறுக்கு விட்டங்களும் கொண்ட வாசல் டோரீ. நம் கோபுர வாசலைப் போல் இதற்குக் கதவு கிடையாது. இருந்தாலும் தெருவும் தெய்வத்தின் இடமும் பிரிகிற எல்லை இதுதான். அதனால் வழிபாட்டின் முதல் செயல் இங்கேயே தொடங்குகிறது.

தொப்பி இருந்தால் எடுத்துவிட்டு, டோரீக்கு ஓரடி முன்னால் நின்று, ஒருமுறை இலேசாகக் குனிந்து பின் உள்ளே நுழையுங்கள். பாதையின் நடுவில் நடக்காமல் இடமோ வலமோ ஒதுங்கி நடக்க வேண்டும். நடுப்பகுதி தெய்வம் வரும் வழி என்பது நம்பிக்கை. நடுவே குறுக்காகக் கடக்க நேர்ந்தால் தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு கடப்பார்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டாம். நம்மவர் அனைவரும் செய்யும் முதல் தவறு இது. ஒருமுறை ஒரு நண்பர் ஷூவை அவிழ்த்து டோரீயின் அடியில் ஒழுங்காக வைத்துவிட்டு, காலுறையோடு சரளைக்கல்லில் நடக்கத் தொடங்கிவிட்டார். துடைப்பமும் கையுமாக நின்ற பெரியவர் ஒருவர் ஓடிவந்து, யாரோ தவறவிட்டுப் போனதாக நினைத்து அந்த ஷூவை எடுத்துக்கொண்டு அலுவலகம் பக்கம் போய்விட்டார். மண்டபத்தின் உள்ளே அமர்ந்து சிறப்புப் பூசை செய்துகொள்பவர்கள் மட்டுமே காலணியைக் கழற்றுவார்கள். அதுவும் மண்டபப் படியில்தான்.

4. கையும் வாயும் கழுவுதல்

டோரீயைக் கடந்ததும் சன்னதிக்குப் போகும் வழியில் கூரையிட்ட ஒரு கல்தொட்டி இருக்கும். இதன் பெயர் தெமிசுயா. நம் கோயில் குளத்தில் கால் நனைப்பதன் சுருக்கமான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே கழுவாமல் சன்னதி முன் நிற்பது முறையல்ல என்பதால் இந்தப் படியை எந்த அவசரத்திலும் தாண்டக் கூடாது.

நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையை வலக்கையால் எடுத்து ஒருமுறை நிறைய மொள்ளுங்கள். இந்த ஓர் அகப்பைத் தண்ணீர்தான் முழுச் சடங்குக்கும். முதலில் இடக்கையில் கொஞ்சம் ஊற்றுங்கள். அகப்பையை இடக்கைக்கு மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையைக் குவித்து அதில் தண்ணீர் ஏந்தி வாயைக் கொப்பளியுங்கள். வாய்பட்ட அந்த இடக்கையை இன்னொருமுறை கழுவுங்கள். கடைசியில் அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தினால், மிச்சமிருக்கும் தண்ணீர் கைப்பிடி வழியே இறங்கி நீங்கள் பிடித்த இடத்தைக் கழுவிவிடும். அடுத்தவருக்குச் சுத்தமான கைப்பிடி கிடைக்கும். பிறகு அகப்பையைக் கவிழ்த்து இருந்த இடத்தில் வையுங்கள்.

தண்ணீர் நடுவில் தீர்ந்துபோவதே வழக்கமான பிழை. முதற்கையிலேயே பாதியைக் கொட்டிவிடுகிறோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு கரண்டி அளவு போதும். அகப்பையை நேராக வாயில் வைப்பது பெரிய குற்றம். ஒரு சொம்பை அண்ணாந்து குடிக்கும் நமக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். கழுவிய நீரும் கொப்பளித்த நீரும் தொட்டிக்குள் விழக் கூடாது. கீழே உள்ள சரளைக்கல் பள்ளத்தில் விழ வேண்டும்.

கொரோனாவுக்குப் பின் பல கோயில்களில் அகப்பைகளை எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் தண்ணீர் ஓட விட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தால் ஓடும் நீரில் இடக்கை, வலக்கை என்று கழுவினால் போதும், கொப்பளிப்பதை விட்டுவிடலாம்.

5. சன்னதி முன்: இரண்டு, இரண்டு, ஒன்று

நீங்கள் முன்னால் நிற்கப்போவது வழிபாட்டு மண்டபம். தெய்வம் இருக்கும் கருவறை அதற்குப் பின்னால் தனிக்கட்டடமாக இருக்கும். கருவறையில் உள்ள புனிதப் பொருளைப் பொதுமக்கள் எவரும் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு வட்டக் கண்ணாடி தெரிந்தால் அதைச் சிலையாகக் கொண்டு எம்பிப் பார்க்க வேண்டாம். தரிசனம் என்று நாம் சொல்லும் காட்சி இங்கே கிடையாது. உங்கள் வரவைத் தெய்வத்துக்குத் தெரிவிப்பதுதான் இந்தப் படியின் வேலை. கீழே வரும் ஒவ்வொரு செயலும் அதற்காகவே.

வரிசை இருந்தால் நில்லுங்கள். முறை வந்ததும் மரச்சட்டம் போட்ட காணிக்கைப் பெட்டிக்கு முன் சற்று ஓரமாக நின்று, ஒருமுறை இலேசாகக் குனிந்து, நாணயத்தை மெல்ல உள்ளே விடுங்கள். தூரத்திலிருந்து வீசுவதைப் புத்தாண்டுக் கூட்டத்தில் மட்டும் பொறுத்துக்கொள்வார்கள். மணிக்கயிறு தொங்கினால் ஒன்றிரண்டு முறை ஆட்டுங்கள். குழந்தைகள் விடாமல் ஆட்டுவார்கள், தடுத்துவிடுங்கள்.

பிறகு இடுப்பிலிருந்து முதுகு வளைய இரண்டு முறை ஆழமாகக் குனியுங்கள். மார்பின் உயரத்தில் உள்ளங்கைகளைச் சேர்த்து, வலக்கையை விரல்கணு அளவு கீழே இறக்கி, இரண்டு முறை தெளிவாகத் தட்டுங்கள். தட்டியபின் விரல்நுனிகளை மறுபடி ஒன்றாகச் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள். கடைசியாக இன்னொருமுறை ஆழமாகக் குனிந்துவிட்டு ஓரமாக விலகுங்கள்.

நம் கைக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. கும்பிடு என்றதும் முதலில் கை கூப்பிவிடுகிறோம். அதன்பின் குனிவதும் தட்டுவதும் தாறுமாறாகிவிடும். கைகளைத் தொடையோரம் வைத்துக்கொண்டே முதல் இரண்டு குனிதலையும் முடித்துவிட்டால் வரிசை தவறாது. கன்னத்தில் போட்டுக்கொள்வது, தோப்புக்கரணம், சாஷ்டாங்கமாக விழுவது எதுவும் வேண்டாம். பின்னால் நிற்பவர்கள் உங்களுக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று பதறுவார்கள். இரண்டு தட்டு என்பது பொதுவிதி. இஸுமோ பெருங்கோயிலில் நான்கு தட்டுவார்கள். அப்படிப்பட்ட இடங்களில் பெட்டிக்கு அருகிலேயே பலகை வைத்திருப்பார்கள்.

வேண்டும்போது முதலில் மனத்துக்குள் பெயரையும் குடியிருக்கும் இடத்தையும் சொல்லி, அதுவரை நடந்ததற்கு நன்றி கூறி, அதன்பின் கோரிக்கையை வைப்பது இங்குள்ள வழக்கம். பேட்டைக் கோயிலின் தெய்வம் அந்தப் பேட்டையில் வசிப்பவர்களைக் காப்பவர் என்பதால் முகவரிக்கு அங்கே இடம் இருக்கிறது. குலதெய்வத்தின் முன் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். தமிழிலேயே சொல்லலாம்.

சன்னதியை வலம் வர வேண்டாம். பின்புறம் பிரதட்சிணத்துக்கான பாதை இல்லை. பல கோயில்களில் அது பூசாரியின் வீட்டு முற்றமாகவும் இருக்கும்.

6. வானிலைச் சன்னதி: இரண்டாவதாகவே

இதே வளாகத்துக்குள் கிஷோ ஜின்ஜா என்ற சிறு சன்னதி இருக்கிறது. 1944-இல் ஜப்பான் ராணுவத்தின் வானிலைப் பிரிவு தன் வளாகத்தில் கட்டியதைப் போருக்குப் பின் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வெயில், மேகம், மழை, பனி, இடி, காற்று, உறைபனி, மூடுபனி என்று எட்டு வானிலைகளை ஆள்வதாகச் சொல்லப்படும் இத்தெய்வத்தின் பெயர் யாகோகோரோ ஒமோய்கனே.

பலர் இணையத்தில் படம் பார்த்துவிட்டு நேராக இங்கேயே வந்துவிடுகிறார்கள். முதலில் சுசானோவை வணங்கிவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். வளாகத்துக்கு உரியவரை முதலில் பார்ப்பது எந்த ஷின்டோ கோயிலுக்கும் பொதுவான ஒழுங்கு. இரு தெய்வங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. சுசானோவின் அட்டகாசம் தாங்காமல் அவருடைய அக்காளான சூரிய தேவி குகைக்குள் ஒளிந்துகொள்ள, உலகம் இருண்டது. அவளை வெளியே வரவழைக்க யோசனை சொன்னவர் ஒமோய்கனே. புயலைக் கிளப்பியவரும் வெயிலைத் திருப்பிக் கொண்டுவந்தவரும் ஒரே மதிலுக்குள் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இங்கும் அதே இரண்டு, இரண்டு, ஒன்று. காணிக்கை தனி.

வேண்டுதல் பலகையை ‘எமா’ என்பார்கள். வேறு கோயில்களில் பெரும்பாலும் வீட்டுக்கூரை வடிவில் இருக்கும் இந்தப் பலகை, இங்கே ‘கெதா’ என்னும் மரச்செருப்பின் வடிவில் இருக்கிறது. ஜப்பானியச் சிறுவர்கள் காலிலிருந்து கெதாவை வீசி, நிமிர்ந்து விழுந்தால் நாளை வெயில், கவிழ்ந்து விழுந்தால் மழை என்று குறி பார்ப்பார்கள். அந்த விளையாட்டிலிருந்து வந்த வடிவம். செருப்பைப் போலவே வாரோடு இருக்கும். நெருக்கமாகத் தொங்கும் இந்தச் செருப்புகளைக் காற்று ஆட்டும்போது ஒன்றோடொன்று மோதி டொக் டொக்கென்று ஒலிப்பதைச் சற்று நின்று கேளுங்கள்.

எழுதும்போது தேதி, ஊர், வேண்டிய வானிலை மூன்றும் இருக்கட்டும். ‘நல்ல வானிலை வேண்டும்’ என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை. உழவருக்கு மழை நல்லது, மணமகளுக்கு வெயில் நல்லது. வானிலை முன்னறிவிப்பாளர் தேர்வு எழுதுபவர்களும் இங்கே எழுதித் தொங்கவிடுகிறார்கள். பலகையை எல்லோரும் படிப்பார்கள் என்பதால் முழு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தவிர்த்துவிடுங்கள். மற்றவர்களின் பலகையைப் படம் எடுத்துப் பரப்புவதும் அதே காரணத்தால் தவறு.

7. அலுவலகச் சாளரம்: காப்பு, குறிச்சீட்டு, முத்திரை

இது வழிபாடு முடிந்த பிறகு. முக்கியமாக, ‘கோஷுயின்’ என்னும் முத்திரையும் கையெழுத்தும் நீங்கள் வந்து வணங்கியதற்கான சான்று. வணங்கும் முன்பே வாங்குவது முறையல்ல. இதற்கென்று விற்கும் மடிப்பு ஏட்டைக் கொண்டு வாருங்கள். சாதாரணக் குறிப்பேட்டை நீட்டினால் மறுத்துவிடுவார்கள். எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து, உறையைக் கழற்றி இரு கைகளாலும் கொடுங்கள். பெரும்பாலும் 300 முதல் 500 யென் ஆகும். சரியான சில்லறையாகக் கொடுங்கள். எழுதுபவரைப் படம் எடுக்க வேண்டாம். பூசாரி வெளியே போயிருந்தால் முன்பே எழுதிவைத்த தாளைத் தருவார்கள். பிறகு ஏட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

‘ஓமாமோரி’ என்ற துணிப்பை நம் தாயத்தைப் போன்றது. பிரித்துப் பார்க்கக் கூடாது. ஓராண்டு ஆனதும் குப்பையில் போடாமல், வாங்கிய கோயிலிலேயே திருப்பிக் கொடுத்தால் அவர்கள் முறைப்படி எரிப்பார்கள். குறிச்சீட்டு சரியாக வரவில்லை என்றால் அதற்கென்று கட்டியிருக்கும் கம்பியில் முடியுங்கள். மரக்கிளையில் முடிந்தால் மரம் பாழாகும். திரும்பத் திரும்ப எடுத்து நல்லது வரும்வரை நிற்பவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிரசாதம், தீர்த்தம், திருநீறு எதுவும் கிடையாது. குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

8. ஜூன் 30: புல் வளையம்

ஆண்டின் பாதியில் சேர்ந்த அழுக்கைக் கழிக்கும் சடங்கு பல கோயில்களில் ஜூன் 30-ஐ ஒட்டி நடக்கும். ஆள் உயரத்துக்கும் மேலான புல் வளையத்தை வாசலில் நிறுத்தியிருப்பார்கள். இதற்கு ஒரு பழங்கதை உண்டு: வழிப்போக்கராக வந்து தங்க இடம் கேட்ட தெய்வத்துக்குப் பணக்காரத் தம்பி மறுக்க, ஏழை அண்ணன் சோமின் ஷோராய் இடம் கொடுத்தான். நோய் பரவும்போது புல் வளையத்தை இடுப்பில் கட்டிக்கொண்டால் தப்பலாம் என்று அவனுக்கு வரம் கிடைத்தது. அந்த வழிப்போக்கர் சுசானோ என்பதால் இவருடைய கோயில்களில் இச்சடங்குக்குக் கூடுதல் பொருத்தம்.

வளையத்துக்கு முன் குனிந்து, உள்ளே புகுந்து இடப்பக்கமாகச் சுற்றி வாருங்கள். மறுபடி புகுந்து வலப்பக்கம், மூன்றாவதாக மீண்டும் இடப்பக்கம். எட்டு என்ற எண்ணைத் தரையில் வரைவதைப் போல் இருக்கும். அதன்பின் நேராகக் கடந்து சன்னதிக்குப் போங்கள். வலமாகவே சுற்றிப் பழகிய நம் கால் முதல் சுற்றிலேயே தவறும். முன்னால் செல்பவரைப் பார்த்து நடப்பது பாதுகாப்பு. நினைவுக்காக வளையத்திலிருந்து புல்லை உருவிக்கொண்டு வர வேண்டாம்: பலருடைய அழுக்கை அது வாங்கிக்கொண்டிருக்கிறது.

9. தவிர்க்க வேண்டிய நாட்கள், வெளியேறும் முறை

முதல் வருகைக்கு ஜனவரி முதல் மூன்று நாட்கள் வேண்டாம்; வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஆகஸ்ட் கடைசி சனி, ஞாயிறும் வேண்டாம். 1957 முதல் நடந்துவரும் அவா ஒதோரி நடனத் திருவிழாவில் கோயென்ஜி முழுவதும் நெரிசலாகிவிடும். ஜூன் 1 வானிலைச் சன்னதியின் விழா. கூட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும், அன்று வரலாம். எந்த ஊர்த் திருவிழாவிலும் தெய்வப் பல்லக்கு தெருவில் வரும்போது மாடிச் சன்னலிலிருந்து எட்டிப் பார்க்காமல் கீழே இறங்கி நின்று பாருங்கள். தெய்வத்தை மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பது அவமதிப்பாகக் கருதப்படும்.

திரும்பும்போதும் பாதையின் ஓரத்திலேயே நடந்து டோரீயைக் கடந்து வெளியே வாருங்கள். வந்ததும் உடனே நடையைக் கட்டிவிடாமல், சன்னதியை நோக்கித் திரும்பி நின்று ஒருமுறை குனியுங்கள். தொப்பியை அதன் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நிலையத்தில் மஞ்சள் பட்டை ரயில் நிற்கும் நடைமேடைக்கே போங்கள். ஆரஞ்சு ரயில் உங்களைக் கடந்து போய்விடும்.